உணர்விழந்த நரம்பும் இதயப் படமும்: மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்து

சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் காண்பர் ஆய்வாளர். அங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளும் ஊரின் தொன்மைக்குச் சான்றாகின்றன. ஊருக்கும் உப்புக்கும் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு உப்பு வாருவோரின் உடலுக்கு எழுதப்படவில்லை. பாத்தியில் வெறுங்காலோடு நிற்பவரின் பாதத்தை உப்புப் படிகம் கீறினால் எரிய வேண்டும். நெடுநாள் நீரிழிவு நரம்பைச் சிதைத்திருப்பின் அந்த எரிச்சல் தெரிவதில்லை. இதே சிதைவு இதயத்தை இயக்கும் தன்னியக்க நரம்புகளையும் தாக்கும். அந்நிலையில் இதயத்துக்குக் குருதி குறைந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். வலி அறிவிக்கத் தவறியதைப் படம் அறிவிக்குமா என்னும் வினா இவ்விடத்தில்தான் எழுகிறது.

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் ஆகிய இருவரும் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவியை இதயத்தின்மீது திருப்பினர்; எக்கோ பரிசோதனையின் தொடக்கம் அது. பின்னர் அணுக்கதிர்ப் படமும், தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பை அளவிடும் சி.டி. முறையும் வந்தன. சுண்ணாம்பின் அளவை மதிப்பெண்ணாக்கும் வழியை அகாட்ஸ்டன் குழுவினர் 1990இல் வகுத்தனர். அதன் பயன் எதிர்பாராத திசையிலும் வெளிப்பட்டது. நீரிழிவு இருந்தும் சுண்ணாம்பே படியாதவர்கள் ஐந்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நீரிழிவு இல்லாதவர்களைப் போலவே உயிர்வாழ்ந்தனர் என்று 2004இல் வெளியான ராக்கி குழுவினரின் ஆய்வு காட்டியது. நீரிழிவாளர் அனைவரையும் ஒரே இடர்நிலையில் வைத்தெண்ணும் போக்கை அது அசைத்தது.

தமிழகத்தில் இவ்வகைத் தேடலுக்கு முதன்மைச் சான்று, மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு. தியாகராய நகர், திருமங்கலம் ஆகிய இரு குடியிருப்புகளில் 1,262 பேர் ஆராயப்பட்டனர். இதயத்தமனி நோய் நீரிழிவாளரிடம் 21.4 விழுக்காடாகவும், இயல்பான சர்க்கரை உடையோரிடம் 9.1 விழுக்காடாகவும் இருந்தது. 2000இல் வெளியான அதன் மற்றொரு பகுதி, கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பை மீயொலியால் அளந்தது. நீரிழிவாளரிடம் சராசரி 0.95 மி.மீ., மற்றவரிடம் 0.74 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் இவ்வேறுபாடு, குழாய்கள் அறிகுறிக்கு முன்பே மூப்படைவதைத் தமிழ் உடல்களிலேயே காட்டியது.

ஆயினும் முன்கூட்டிக் கணித்தல் வேறு, காத்தல் வேறு. வட அமெரிக்காவில் நடந்த டயாட் ஆய்வில் அறிகுறியற்ற நீரிழிவாளர் 1,123 பேர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினருக்கு மட்டும் அணுக்கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. பெரிய குறை கண்டவர்களுக்கு இதய நிகழ்வுகள் மிகுதியாகவே நேர்ந்தன. எனவே படம் பொய்க்கவில்லை. ஆனால் சராசரியாக 4.8 ஆண்டுகளின் முடிவில் மாரடைப்பும் இதய இறப்பும் படமெடுத்த பிரிவில் 2.7, எடுக்காத பிரிவில் 3.0 விழுக்காடு, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. 2014இல் சி.டி. படத்தைக் கொண்டு 900 பேரிடம் நடந்த ஃபாக்டர்-64 ஆய்வும் தெளிவான நன்மையைக் காட்டவில்லை. இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் உரிய மருந்துகள் படமெடுக்காதவர்களுக்கும் கிடைத்துவந்தன என்பதை இங்கு மறத்தலாகாது. அம்மருந்து ஒழுங்காகச் சேராத ஊர்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவது பிழையாகும்.

டயாட் ஆய்வின் முதற்கட்ட முடிவு ஒன்று போதிய கவனம் பெறவில்லை. படமெடுக்கப்பட்ட 522 பேரில் 113 பேருக்கு மறைந்த குருதிக்குறை இருந்தது. யாருக்கு இருக்கும் என்பதை வழக்கமான இடர்க்காரணிகள் காட்டிக்கொடுக்கவில்லை; மூச்சை அடக்கி முக்கும்போது இதயத்துடிப்பு மாறும் விதமே வலுவாகக் காட்டிக்கொடுத்தது. வால்சால்வா எனப்படும் இச்சோதனை தன்னியக்க நரம்பின் நலத்தை அளப்பது. விலையுயர்ந்த படம் கண்டதன் சாயல், இ.சி.ஜி. ஒன்றைக் கொண்டே பார்க்கத்தக்க நரம்பில் இருந்தது.

மரக்காணத்துக்கு வடக்கே, செய்யூர் வட்டாரத்துச் சூணாம்பேட்டில் இதற்கு அண்மையதொரு முயற்சி நடந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னெடுத்த அத்திட்டத்தில், இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புடன் ஊர்தி ஒன்று 42 சிற்றூர்களுக்குச் சென்றது. விழித்திரைப் படக்கருவி, டாப்ளர், இ.சி.ஜி., பாதம் அதிர்வை உணர்கிறதா என்று அளக்கும் கருவி ஆகியன அதில் இருந்தன. வயதுவந்தோர் 27,014 பேரில் 23,449 பேர் பரிசோதிக்கப்பட்டனர். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவு, ஓராண்டில் 9.3இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது. மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. அந்த ஊர்தியில் பாதத்தின் அதிர்வுணர்வும் இ.சி.ஜி.யும் ஒரே இடத்தில் பார்க்கப்பட்டன; உப்பளத்தில் நிற்பவருக்கு முதலில் மரத்துப்போவதும் பாதம்தான்.