கோழிக்குப் போட்ட மிச்சம்!

புளித்துப்போன சோறு, மிச்சம் மீதி எல்லாம் எங்கே போகும்? கொல்லையில் மேயும் கோழிக்குத்தான்! அப்படிக் கோழிக்குப் போட்ட ஒரு 'மிச்சம்' உலகத்தையே வம்பில் மாட்டிவிட்ட கதை தெரியுமா உங்களுக்கு?

வருடம் 1948. நியூயார்க் மாநிலத்தில், பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே பெரிய தொட்டிகளில் நுண்ணுயிரியைப் புளிக்கவைத்து 'ஆரியோமைசின்' என்ற ஆன்டிபயாடிக் தயாரித்தார்கள். தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானிக்கோ வேறு கவலை. கோழித் தீவனத்துக்கு மலிவாக வைட்டமின் பி12 வேண்டும்! மருந்தை எடுத்தபிறகு மிஞ்சும் புளித்த கசடில் அது இருக்குமே என்று குஞ்சுகளுக்குக் கலந்து கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்று எடை போட்டால்... அடேயப்பா! ஈரல் சத்து சாப்பிட்ட குஞ்சுகளையே அவை மிஞ்சிவிட்டன!

காரணம், பி12 மட்டுமல்ல... கசடில் கொஞ்சூண்டு ஒட்டிக்கொண்டிருந்த மருந்து! 1950-ல் விஷயம் வெளியே வந்தது. அப்புறமென்ன, தீவனத்தில் மருந்து கலப்பதே வழக்கமாகிப் போனது.

வினை அங்கேதான் ஆரம்பம். துளித்துளியாக மருந்து தின்னும் கோழியின் குடலில், அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள் பெருகும். நாளைக்கு அது நம்மைத் தாக்கினால் டாக்டர் தரும் மாத்திரை பலிக்காது! பென்சிலின் கண்ட ஃப்ளெமிங் 1945-லேயே, அரைகுறை டோஸ் ஆபத்து என்று எச்சரித்திருந்தார். யார் கேட்டார்கள்? வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய யூனியன் நிறுத்தியது 2006-ல். 'கோலிஸ்டின்' மருந்தைக் கோழிகளுக்குத் தர இந்தியா தடைபோட்டது 2019-ல்.

தராசு சொன்னதை உடனே கேட்டோம். ஃப்ளெமிங் சொன்னதைக் கேட்கத்தான் அறுபது, எழுபது வருடமாயிற்று!