சுருங்கிய பலூன்

பேரனின் பிறந்தநாள் பலூன் மறுநாளே சுருங்கிவிட்டது. ஓட்டை எங்கே தாத்தா என்றான். ஓட்டை வேண்டாமப்பா, வாயு ரப்பரில் கரைந்து மறுபக்கம் போய்விடும். பள்ளியில் ரப்பருக்குப் பிரெஞ்சில் 'கவுச்சு' என்பார்கள். மீன் கவுச்சியா என்று சிரிப்போம், இதைக் கேட்டதில்லை.

1831இல் அமெரிக்க மருத்துவர் மிட்செல் கவனித்தார்: வாயுவுக்கு வாயு வேகம் வேறு. 1866இல் தாமஸ் கிரஹாம் ரப்பர் படலம் வழியே காற்றை இழுத்து, 21 சதவீத ஆக்சிஜனைச் சுமார் 41 ஆக்கினார்.

ஆனாலும் தொழிலுக்கு வர நூறாண்டுக்கு மேலாயிற்று. படலம் தடித்தால் வாயு நகராது, மெலிந்தால் பொத்தல். மான்சான்டோ கம்பெனியில் பாலிசல்ஃபோன் இழைகள்மேல் சிலிகான் ரப்பர் பூசிப் பொத்தலை அடைத்தார்கள். 1980 வாக்கில், அம்மோனியா ஆலைகளில் வீணான ஹைட்ரஜன் திரும்பக் கிடைத்தது.

பேரன் அடுத்த பலூனை ஊதக் கொடுத்திருக்கிறான்.