காதல் கடிதம் செய்த கலகம்

குயிலையும் மேகத்தையும் தூது விட்ட ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மதுரை போகும் சாலையில், கிருஷ்ணன்கோவிலில், இன்று கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் அங்கே நிறைய உண்டு. அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அறிய வேண்டிய வேறொரு தூதின் கதையைச் சொல்கிறேன்.

1987 டிசம்பரில் ஜெர்மனி தேசத்து மாணவர் ஒருவர், திரையில் கிறிஸ்துமஸ் மரம் வரையும் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். அது வெறும் வாழ்த்தல்ல; இயந்திரத்துக்கு இடும் கட்டளை. ஓடவிட்டவர் மரத்தை ரசித்துக் கொண்டிருக்கையில், அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தானே பிரதிகளை அனுப்பிவிட்டது!

உலகம் இதை மறந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி மின்னஞ்சலில் ஒரு காதல் கடிதம் புறப்பட்டது. தலைப்பு, 'ஐ லவ் யூ'. கூடவே ஓர் இணைப்பு. பார்வைக்குச் சாதாரண எழுத்துக் கோப்பு. ஆனால் பெயரின் வாலில் இருந்த மூன்று எழுத்துக்கள், அதுவும் கட்டளையே என்று காட்டிக்கொடுத்திருக்கும். விண்டோஸோ அந்த வாலைத் திரையில் மறைத்து வைத்திருந்தது.

திறந்தால் படங்களை அழித்தது. அத்துடன் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம், திறந்தவர் பெயராலேயே, அதே காதலைத் தெரிவித்தது. மேலதிகாரி குமாஸ்தாவுக்குக் காதல் கடிதம் எழுதினால் குமாஸ்தா பிரித்துப் பாராமல் இருப்பாரா? கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் கெட்டன. பிரிட்டிஷ் பார்லிமெண்டே தன் மின்னஞ்சலை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

எழுதியவர் மணிலா நகரத்து இளைஞர். இணையத்துக்குப் பணம் கட்ட வசதியில்லாமல் பிறருடைய கடவுச்சொல்லைத் திருட அதைச் செய்ததாக 2020-ல் அவரே ஒப்புக்கொண்டார். தண்டனை கிடையாது, பிலிப்பைன்ஸில் அன்று அதற்கேற்ற சட்டமே இல்லை. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அந்த ஆண்டு அக்டோபர் 17-ல்தான் அமலுக்கு வந்தது.

சட்டம் வந்தது, ஆபத்து போய்விட்டதா? 2024-ல், கல்யாணப் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்புகள் வருகின்றன, தொடாதீர்கள் என்று இந்தியப் போலீஸார் எச்சரித்தார்கள்.

மரம், காதல், கல்யாணம்! எதிரியின் கடிதம் என்றால் நாமே உஷாராகி விடுவோம். இவையோ தெரிந்தவர் பெயரில் வந்தன. அனுப்பியவர் பெயர் நம்பிக்கைக்கு முத்திரை ஆகாது. கேட்காமல் வந்த கோப்பைத் தொடுவதற்கு முன், "நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று டெலிபோனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உண்மையான உறவினர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.