சாரல் சீசனில் பேஸ்மென்ட் தரையில் ஊத்து எடுக்கிறதா? காரணம் என்ன, தீர்வு என்ன?

தென்காசி, குற்றாலம் பகுதியில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையின் சாரல். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. ஆண்டில் பல மாதங்கள் மண் ஈரமாகவே இருக்கும். இதனால் லாட்ஜ் பார்க்கிங், கடை குடோன் எனத் தரைக்குக் கீழே கட்டிய தளங்களில் தண்ணீர் கசிவது பெரிய தலைவலி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியது போன்ற பெருமழை என்றால் கேட்கவே வேண்டாம்.

(நம்மூர் கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மேலுள்ள மட்டத்தையும் பேஸ்மென்ட் என்பார்கள். இங்கே சொல்வது தரைக்குக் கீழே உள்ள தளத்தை.)

கான்கிரீட்டில் தண்ணீர் எப்படி நுழைகிறது?

மழையில் நிலத்தடி நீர்மட்டம் தரைத்தளத்தைத் தாண்டி ஏறினால், தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளும். 1 மீட்டர் உயர நீர், ஒரு சதுர அடிக்குச் சுமார் 93 கிலோ அழுத்தம் தரும். 10-க்கு 10 அறை என்றால் 9 டன்னுக்கு மேல்! விரிசல், தரையும் சுவரும் சேரும் மூலை, பைப் போகும் ஓட்டை வழியாக அது உள்ளே வந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டிய டெஸ்ட்

ஒன்றரை அடி சதுர பாலித்தீன் ஷீட்டைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் தண்ணீர் தரையிலிருந்து வருகிறது. மேலே மட்டும் ஈரம் என்றால், சாரல் காற்றின் ஈரப்பதம் குளிர்ந்த தரையில் படிகிறது. வெளிக்காற்றும் ஈரமாக இருக்கும்போது அதற்குக் காற்றோட்டம் மட்டும் போதாது.

பெயின்ட் அடித்தால் நிற்குமா?

கீழிருந்து அழுத்தம் இருக்கும்போது மேலே அடிக்கும் சாதாரண பெயின்ட், எபாக்ஸி எல்லாம் கொப்பளித்து உரிந்துவிடும். பலர் ஒவ்வொரு சீசனுக்கும் பணத்தை இழப்பது இதில்தான்.

சரியான வரிசை இது:

1. வெளியே: கூரைத் தண்ணீரைச் சுவரோரம் விடாமல் பைப்பில் தூரமாகக் கொண்டுபோங்கள். மண்ணுக்குக் கட்டடத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள்.

2. வடிகால்: உள்சுவர் ஓரமாகத் தரையை வெட்டி, ஓட்டை போட்ட பிவிசி பைப்பை ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றி, ஜல்லிக்குள் பதிக்க வேண்டும். தண்ணீர் ஒரு குழியில் சேரும். ஃப்ளோட் சுவிட்ச் உள்ள மோட்டார் அதை வெளியேற்றும். கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர் அவசியம். இது குடிநீர் சம்ப்புடன் சேரக்கூடாது.

3. அடைப்பு: தண்ணீர் வரும் விரிசல்களில் பியூ ஊசி மூலம் செலுத்தி அடைத்த பிறகே, கான்கிரீட்டுக்குள் ஊடுருவும் கிரிஸ்டலைன் பூச்சு.

தூணும் அஸ்திவாரமும் உள்ள இடத்தில் தரையை வெட்டும் முன் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுவது கட்டாயம். புதிதாகக் கட்டுபவர்கள் வெளிப்பக்கச் சுவரிலும் தரைக்கு அடியிலும் வாட்டர்ப்ரூஃபிங் செய்துவிட்டால் செலவு குறைவு.

வெள்ளம் புகுந்துவிட்டால்?

மெயின் சுவிட்ச்சை அணைக்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அந்த சுவிட்ச்சே தண்ணீருக்குள் இருந்தால் தொடாமல் மின்வாரியத்தை அழையுங்கள். வெளியே மண் நனைந்திருக்கும்போது உள்ளே உள்ள நீரை ஒரே மூச்சில் இறைக்கவும் கூடாது. எதிர் எடை போய், தரை மேலே தூக்கி வெடிக்கலாம். வெளியே நீர் வடிய வடிய, இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே பாதுகாப்பு.