சோலைக்காடுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல், மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்திருக்கும் குட்டைமரக் காடுகளே சோலைகள். அவற்றைச் சூழ்ந்த சரிவெங்கும் புல்வெளி. தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் இவை உள்ளன. இமயத்தில் சுமார் 3,000 மீட்டருக்கு மேல் அமையும் துணை ஆல்பைன் காடு இங்கே கிடையாது. தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். எனினும் உறைபனியும் ஓயாத காற்றும் மூடுபனியும் இங்கும் மரங்களை உயரவிடுவதில்லை. இமயத்து ரோடோடென்ட்ரானின் உறவான காட்டுப்பூவரசு, புல்வெளி நடுவே தனித்து நின்று சிவக்கப் பூக்கிறது.

இந்தப் புல்வெளி இயற்கையானதா, காடழிந்து உருவானதா என்ற விவாதம் பழையது. சோலைக் கன்றுகள் திறந்தவெளி உறைபனியில் கருகிவிடுவதால்தான் காடு பரவவில்லை என்று வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் 1938இல் எழுதினார். அதே ஆண்டில் தாவரவியலாளர் என். எல். போர் தீயையே காரணமாகக் காட்டினார். விடைக்கான வலுவான சான்று மண்ணுக்குள்ளிருந்து வந்தது. நீலகிரியின் சாண்டிநல்லாவில் சதுப்பு நிலத்துப் பீட் படிவுகளின் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் வறண்ட காலத்தில், அங்கே புல்லே மேலோங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் கூடியபோது நிலை மாறியது. புல்லும் காடும் பருவநிலைக்கேற்ப ஏறியிறங்கி வந்துள்ளன. மனிதர் காட்டை வெட்டியதால் மட்டும் பிறந்த வெளி அல்ல இது.

ஆங்கிலேய ஆட்சிக்கு இது புரியவில்லை. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளி ஆங்கிலேயருக்கு வெறும் தரிசு. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ஆஸ்திரேலியச் சீகையும் யூகலிப்டஸ் எனும் கற்பூர மரமும் ஊட்டிக்கு வந்தன, முதலில் விறகுக்காக. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று நடவு பன்மடங்கு பெருகியது. மரம் நடுவதே பசுமை என்ற எண்ணம், மலையின் பழைய பசுமையை அழித்தது. 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால், பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது.

இழப்பு புல்லோடு நிற்பதல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கும் இந்தத் திறந்த சரிவே வாழிடம். 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. சோலைக்குள் வாழும் ஒரு வகைச் சிறு பறவைகளின் கதை வேறு. தாழ்நிலத்தைக் கடக்காத இவற்றைப் பாலக்காட்டுக் கணவாய் பிரித்துவைத்ததால், கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும் தெற்கே வேறு இனங்களுமாகப் பரிணமித்தன. மரபணு ஆய்வுக்குப் பின் 2017இல் இவற்றுக்கு ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டது.

பருவமழையை வாங்கி மெல்லக் கசியவிடுவது புல்லும் சோலை மண்ணும் சேர்ந்தே. நீலகிரி மேட்டில் பிறக்கும் பவானி காவிரியில் சேர்கிறது. அந்தக் காவிரி நீர்தான் வீராணம் ஏரி வழியாக 2004 முதல் சென்னைக்கும் வருகிறது. சென்னைக்காரர்களுக்கும் இந்த மலையில் அக்கறை இருக்க வேண்டிய காரணம் இது.

முக்கூர்த்திப் பகுதி 1990இல் தேசியப் பூங்காவானது. இப்போது அங்கும் கொடைக்கானலிலும் சீகையை அகற்றுகிறார்கள். ஆனால் முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன. அந்தத் தோப்பை மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வெளிச்சம் பட்ட மண்ணில் சீகை விதையே மீண்டும் முளைக்கும். எனவே மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் புதிதாகத் தலைகாட்டும் சீகைக் கன்றுகளை முதலில் பிடுங்க வேண்டும்.