நாள் தள்ளிப்போன கதை

நம்ம பாட்டிமார் காலத்தில் ஒரு பெண் வயசுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் பச்சை ஓலைக் குடிசை கட்டுவார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று கவனிப்பு நடக்கும். கவனித்தது நல்லதுதான். ஆனால் அடுத்த மாதம் வந்ததா, மூணு மாசம் தள்ளிப்போச்சா என்று கேட்டவர்கள் குறைவு. கேட்ட இடத்திலும் தோஷம் என்பார்கள், இல்லாவிட்டால் “கல்யாணம் பண்ணினா சரியாயிடும்” என்பார்கள். இந்தப் பேச்சால் படிப்பை விட்ட பெண்கள் எத்தனை பேர்!

1929-இல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்குத் திருமண வயது 14. இன்றைக்குக் கேட்டால் மனசு பதறுது, அன்றைக்கு அதற்கே பெரிய எதிர்ப்பு. சென்னை மாகாண சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் பேசினார். வயது 18 ஆக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1929-இல்தான் அமெரிக்காவில் டாய்சி, ஜெர்மனியில் பூட்டெனான்ட் இருவரும் தனித்தனியாக, கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 1934-இல் புரோஜெஸ்ட்ரோன் கிடைத்தது. அதுக்கப்புறம்தான் காரணம் விளங்கியது. வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருசம், மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் தொடர்பு முழுசாக முதிர்ந்திருக்காது. பல மாதங்களில் கருமுட்டை வெளிவராது. வராவிட்டால் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், நாள் தள்ளி, ஒரேயடியாகப் படும். இதில் தோஷமும் இல்லை, கல்யாணத்தால் தீரப்போவதும் இல்லை.

எல்லாமே வயசுக் கோளாறும் இல்லை. 1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்ன், லெவென்தால் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதுதான் இன்று நாம் பிசிஓஎஸ் என்று கேள்விப்படுவது. ரத்தசோகை, தைராய்டு, பட்டினி கிடந்து மெலிவது இவையும் உண்டு.

2011-இல் தமிழ்நாடு அரசு ‘புது யுகம்’ திட்டத்தை அறிவித்தது. 10 முதல் 19 வயது கிராமப்புறப் பெண்களுக்கு வருசத்துக்கு 18 பாக்கெட் நாப்கின் இலவசம். அதை வாங்கி வரும் மகளிடம், போன மாசம் என்றைக்கு வந்தது என்றும் கேளுங்கள்; காலண்டரில் குறியுங்கள். முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். இந்த வயசில் 21 முதல் 45 நாள் வரை இயல்பு. 90 நாள் தாண்டினாலோ, ஏழு நாளுக்கு மேல் பட்டாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயசாகியும் வயசுக்கு வராவிட்டாலோ கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப் போங்கள். மெடிக்கலில் சொந்தமாக மாத்திரை வாங்கித் தர வேண்டாம்.