வளங்குன்றா வளர்ச்சி
கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் ‘நிலையான வளர்ச்சி’ என்ற தொடரை, லாபம் வருஷாவருஷம் தடையின்றி ஏறிக்கொண்டே போவது என்ற பொருளில் சிலர் பிரயோகிப்பதைக் காணும்போதெல்லாம், அந்தக் கருத்து பிறந்ததே ஒரு தொழில் நெருக்கடியில் என்பது எனக்கு நினைவுக்கு வரும். ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டுச் சுரங்க நிர்வாகத்திலிருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ், வெள்ளித் தாதுவை உருக்கவும் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் வெட்டி வெட்டியே காடுகள் மொட்டையாகி விறகுக்குப் பஞ்சம் வந்ததைக் கண்டு, 1713-இல் வெளியிட்ட வனவியல் நூலில், மறுபடி வளரும் அளவுக்கே மரம் வெட்ட வேண்டும் என்பதைக் குறிக்க ‘நாஹ்ஹால்டெண்ட்’ என்ற அடைமொழியை ஆண்டார். ‘நாஹ்’ என்பது பின்னர், ‘ஹால்டன்’ என்பது பிடித்திருத்தல். ஆகவே, பிற்காலத்துக்கும் கைவசம் இருக்கச் செய்தல் என்பது தாத்பரியம். (பரோபகார சிந்தையைவிட, உலை அணைந்துவிடுமே என்ற கவலைதான் அதில் அதிகம்.) இதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லான ‘சஸ்டெய்னபிள்’ லத்தீன் வழிவந்தது; கீழிருந்து தாங்குதல் அதன் மூலப்பொருள். 1987-இல் ப்ருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. கமிஷன், வருங்காலச் சந்ததியின் தேவைகளுக்குக் குந்தகமின்றி இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதென அத்தகைய வளர்ச்சியை விரித்தது. 2000-இல் வணிக நிறுவனங்களையே நேரில் அழைத்த ஐ.நா. உலகளாவிய ஒப்பந்தமும், 2015-இல் ஐ.நா. வகுத்த 17 வளர்ச்சி இலக்குகளும் அதை வியாபார அகராதியில் ஏற்றிவிட்டன. தமிழில் இதை இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்கிறார்கள். ‘பேண்தகு’ என்பாரும் உண்டு. ‘நிலையான’ என்பதில் அசையாமை தொனிக்கிறதேயன்றி, தாங்குவது எது என்பது தெரிவதில்லை. ‘வளங்குன்றா’ என்பதோ குன்றக்கூடாதது வளம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால், லாபக் கணக்கின் தலைப்பில் அதைப் பொருத்துவது சற்றுச் சிரமம். அதனாலேயே எனக்கு அது உவப்பாயிருக்கிறது.